உன்னைப் பார்த்தவர் கையில்

காக்ஸ் டவுன், பெங்களூர்
ஆகஸ்ட் 2003

அன்புள்ள அம்மாவுக்குப் பூங்கோதையின் வணக்கம்.

என் கால் நன்றாக இருக்கிறது. உன் மூட்டுவலி குறைந்ததா?

ஆராய்ச்சிச் சோதனைக்காக லேப்டாப்போடு ஸ்கூட்டரில் போனபோது சறுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் எதிர்வீட்டு வேதவல்லி அக்காவின் நம்பருக்குப் போன் செய்தேன். நீ வீட்டில் இல்லை என்று அவர், நான் விழுந்ததைச் சொல்லி வீடு வீடாக விசாரித்திருக்கிறார். நீ வந்து போனை எடுப்பதற்குள் சிராய்ப்பு எலும்பு முறிவாகிவிட்டது. "என்னடி, காலே போயிடுச்சாமே!" என்று அழுதாயே!

என் ஆராய்ச்சியும் இதைப் பற்றித்தான் அம்மா. டவர் இல்லாத இடத்தில், நகர்ந்துகொண்டே இருக்கும் லேப்டாப் போன்ற கருவிகள் பக்கத்துக் கருவியைக் கேட்டுத்தான் செய்தி போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரிடமும் கேட்டால் ஒரே இரைச்சல், பேட்டரியும் தீர்ந்துவிடும். தேடும் ஆளைச் சமீபத்தில் பார்த்தவரிடம் மட்டும் கேட்பது என் முறை. லேபில் நன்றாக வேலை செய்கிறது.

அறைக்கு வந்தால்தான் சிக்கல். உன்னைச் சமீபத்தில் பார்த்தவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

மெஸ் மூடும் நேரம், முடிக்கிறேன். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. பஸ் பார்சலில் போடாதே. இந்தப் பக்கம் யாராவது வந்தால் நீயே கையில் கொடுத்தனுப்பு. உன்னைப் பார்த்துவிட்டு வந்தவராக இருக்கட்டும்.

பூங்கோதை