அட்டைக்குப் பிடித்த ரத்தம்

ஒக்டோபர் 14, திங்கள்
பதுளையில் விலங்கியல் படிப்பிப்பவனும், அட்டை ஆராய்ச்சியைத் தனித் தோளில் தாங்கி நிற்பவனுமாகிய நான், நாளை தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு எழுந்தருள்கிறேன். விஞ்ஞான தினமாம். அழைத்தவள் அக்காள் மகள் சிவானுஜா, அங்கே டீச்சர். சம்பளம் இல்லை. சாப்பாடு? "பாணும் பருப்பும், மாமா." போத்தல் நிறைய அட்டை தயார்.

ஒக்டோபர் 15
கைதட்டலில் நமுனுகுல மலையே ஓரடி நகர்ந்தது. போத்தலுக்குள் ஊதினேன், மூச்சுப் பட்டதும் அட்டைகள் பட்டாளம் போல எழுந்து நின்றன. சிலரை மட்டும் ஏன் அதிகம் கடிக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? சிலர் ரத்தம் தேன்பாகு, மூன்று மலை தாண்டி மோப்பம் பிடித்து வரும் என்று அள்ளிவிட்டேன். வகுப்பே ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கம்சலாவாம். நானும் சிரித்தேன்.

ஒக்டோபர் 16
சிவானுஜா போனில் பொரிந்து தள்ளினாள். கம்சலாவோடு போனால் அட்டை கூடும் என்று, பள்ளிக்கூடத்துக் குறுக்குப் பாதையில் பிள்ளைகள் அவளைக் கடைசியில்தான் நடக்க விடுவார்களாம். மழை பெய்தால் அவள் பள்ளிக்கூடமே வருவதில்லை.
"இன்னைக்கும் வரல. சயன்டிஸ்ட் சேரே சொல்லிட்டாருன்னு அவ வகுப்புப் பையன் தினுஷன் லயத்துல வீடு வீடாச் சொல்லிட்டுத் திரியிறான். உண்மையா மாமா அது?"
உண்மையா? எவன் பாத்தான்? வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்துட்டேனே — படிக்கிற பிள்ளை —
பொறு. அவள் எப்போதும் கடைசியில் அல்லவா நடக்கிறாள்? முன்னால் போகிறவர்கள் மிதித்து எழுப்பிய அட்டையெல்லாம் பின்னால் வருகிறவள் காலில் ஏறினால்? இதில் ரத்தம் எங்கே வந்தது?

ஒக்டோபர் 18
வெயில். நாசமாய்ப் போன வெயில்.

ஒக்டோபர் 21
மழை! மறுபடி போனேன். சிவானுஜா லயத்துக்கே போய்க் கம்சலாவை அழைத்து வந்திருந்தாள். அன்று சொன்னது என் கற்பனை, உண்மை எனக்குத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை; சேருக்குத் தன்னடக்கம் என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவை எனக்கு அந்தப் பெயர்.
சரி, வரிசையை மாற்றி நடந்து பார்ப்போம் என்றேன்.
"அப்ப நான் முன்னால போறேன்" என்றாள் கம்சலா. தினுஷன் கடைசி. நான் நடுவில்.
மேலே லயத்து வாசலில் சப்பாத்தைக் கழற்றி எண்ணினோம். அவள் காலில் ஒன்று. தினுஷன் காலில் ஒரு திருவிழா.
"ஒன் ரத்தம் எப்படா இனிச்சிச்சு?" என்று கேட்டாள்.
என் கம்பீரமான கால்களை ஒரு அட்டையும் சீண்டவில்லை. ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட அவமானம் உண்டா?
ஒரு நடை போதாது, தினமும் இடம் மாற்றி எண்ணுங்கள் என்று சொல்லி வந்தேன்.

நவம்பர் 5
வாரம் முழுக்க அடைமழை. கம்சலா ஒரு நாளும் தவறவில்லையாம். காலையில் யார் எங்கே நிற்பது என்று சொல்வதே அவள்தான். கடைசி ஆளுக்குத்தான் பெரும்பாலும் அதிகம். ஆனால் இரண்டு நாள் நடுவில் போனவருக்கு ஏறியிருக்கிறது. ஏன் என்று அவள் கேட்டனுப்பியிருக்கிறாள். தெரியவில்லை என்று பதில் சொன்னேன்.
பெரிய காலாக இருந்தால் அதிகம் ஏறுமா என்றும் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஆள் வேண்டுமாம்.
வியாழக்கிழமை போகிறேன். எனக்குக் கடைசி இடம்.