ஏழாம் மோதலில் விழுகிறவன்

9 மே 1995, செவ்வாய்

மழை. ஹெண்டர்சனில், வைன் தோட்டத்தில், முந்திரிகைக் கொடிகளை வெட்டிவிடத் தொடங்கியிருக்கிறோம். நாள் முழுக்கக் கத்தரி பிடித்ததில் வலது கை விறைத்துப்போய்விட்டது. எழுத்தும் கோழி கிண்டின மாதிரித்தான் வருகிறது. முதலாளி ஸ்டிபே கத்துவார், ஆனால் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரிக் கத்துவார். முந்தி மனுகாவில் பெட்டி அடுக்குகிற வேலையில் மேற்பார்வையாளன் என்னைப் பார்த்து மட்டும்தான் கத்தினான். அவனுக்கு ஒரு பல் போனது, எனக்கு வேலை போனது.

மலர் அதை விடுகிறாளில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தரம் ஒராளுக்குக் கை நீட்டினீங்கள் எண்டால் நான் லக்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்கு அண்ணா வீட்டை போயிடுவன். பிறகு வந்து வாசலிலை நிண்டு பிரயோசனம் இல்லை."

சும்மா சொல்லுகிறவள் இல்லை. "ஓம்" என்றேன்.

21 மே, ஞாயிறு

ஸ்டிபேயின் ஆட்கள் கொர்ச்சுலா என்ற தீவிலிருந்து வந்தவர்கள். மத்தியதரைக் கடலின் வடக்கு மூலையில், குரோவேஷியாப் பக்கம் இருக்கிறதாம். யூலை கடைசியில் அவர்களுடைய புனிதரின் திருநாள் வரும். அன்றைக்கு வாளாட்டம். வெள்ளை ராசாவுக்கு நிச்சயமான பெண்ணைக் கறுப்பு ராசா சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வருவான். இரண்டு படையும் ஏழு தரம் மோதும். ஆளுக்கு இரண்டு வாள், தீட்டாத வாள்தான், ஆனால் அசல் இரும்பு. ஏழாவது மோதலில் கறுப்பு ராசா விழவேண்டும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருசா வருசம் விழுந்துகொண்டிருக்கிறான். வெள்ளை ராசாவுக்கு ஏன் சிவப்பு உடுப்பு என்று ஸ்டிபேயைக் கேட்டேன். "அது அப்பிடித்தான்" என்றார்.

இந்த வருசம் கறுப்பு ராசாவாக ஆடுகிறவருக்கு இடுப்பு ஏலாதாம். கொடிகளுக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்க ஸ்டிபே சொன்னார்: "பிரதாப், நீ ஆடு. முந்தி எங்கட ஆக்கள் முகத்திலை கரி பூசினவை. உனக்கு அந்தக் கரைச்சலும் இல்லை."

சிரித்தார்கள். என் கையில் கத்தரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை விட்டார். கிட்ட வந்து, தானும் இளவயதில் கறுப்பு ராசாதான் என்றார். "வெள்ளை ராசா முன்னுக்கு வந்தால் போதும். கறுப்பு ராசா பின்பக்கமா நடந்துகொண்டே ஒவ்வொரு அடியையும் வாளிலை வாங்கவேணும். நீ பிசகினால் ஆருக்காவது கண் போகும். கெட்டிக்காரனுக்குத்தான் அந்த வேஷம்."

அது எனக்கு விளங்கியது. ஊரில் சூரன் போருக்குச் சூரனைத் தூக்கினவன் நான். முருகனைத் தூக்கினவர்கள் ஆடாமல் நின்றாலும் வெற்றி அவர்களுக்குத்தான். நாங்கள்தான் ஓடி, குனிந்து, சுழன்று, தோள் தோல் உரிந்து நிற்போம். சரி என்றேன்.

மலரிடம் சொன்னேன். "தோக்கிற வேஷமோ? நல்லது. பழகுங்கோ" என்றாள்.

28 மே, ஞாயிறு

முதல் ஒத்திகை, அவர்களுடைய மண்டபத்தில். வெள்ளை ராசா ஸ்டிபேயின் மகன் அன்டே. இங்கே பிறந்தவன். தொண்ணூற்றொன்றில் தகப்பனின் மண்ணுக்காகச் சண்டை பிடிக்கப் போனான். போன வருசம் காலுக்குள் ஒரு இரும்புத் துண்டோடு திரும்பி வந்தான். எல்லோரும் அவன் முதுகில் தட்டிப் பியர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அவன் ஒருவரோடும் கதைக்கிறதில்லை.

முடிந்த பிறகு ஸ்டிபே வைன் ஊற்றிக் கதை சொன்னார். அதே தீவின் வேறொரு ஊரில், வாளாட்டம் முடிய எருதின் தலையை ஒரே வெட்டில் விழுத்துவார்களாம். பக்கத்துத் தீவில் வைக்கோல் மனிதனைக் கயிற்றில் கட்டி, காலுக்கடியில் வெடி கட்டி, மலையிலிருந்து ஊருக்குள் இழுத்துவிடுவார்களாம். பிறகு கொளுத்துவார்களாம். "எப்பவோ எங்களைப் பயப்படுத்த வந்தவன். வருசா வருசம் கொல்லுறம்" என்றார், கண் மினுங்க. நான் எங்கள் பக்கத்து வேள்வியில் வெட்டுப்படும் கிடாய்களைப் பற்றிச் சொன்னேன். கட்டிப்பிடித்து முத்தம் தந்தார். நல்ல சோடிதான் நாங்கள்.

11 யூன், ஞாயிறு

அன்டே அடிக்கிற அடி ஆட்டத்து அடி இல்லை. வாளில் பொறி பறக்கிறது. வாத்தியம் நின்ற பிறகும் அடிக்கிறான். தோள்மூட்டு கழன்றது போல வலி. ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிபே என் காதுக்குள் சொன்னார்: "பொறுத்துக்கொள். அவன் சண்டை பாத்தவன்."

நான் என்ன கலியாண வீட்டிலேயிருந்தா வந்தன்? எங்கட கூரையிலை விழுந்தது பூவோ? அவன் அடிச்சால் வீரன். நான் அடிச்சால் வீட்டுக்குப் போ. இந்த நியாயத்தை ஆர் எழுதினது?

18 யூன், ஞாயிறு

இடக்கையில் தையல். நாலாவது மோதலில் மேலிருந்து வரவேண்டிய அடியை அவன் கீழிருந்து கொடுத்தான். வேண்டுமென்றுதான். மொட்டை வாளென்றாலும் அவன் வீசின வேகத்தில் சட்டையோடு தோலும் பிளந்தது. இரத்தம் நிலத்தில் சொட்டியது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான். நான் வாளை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன். ஆட்கள் விழுந்து பிடித்தார்கள். பிடித்திருக்காவிட்டால் இன்றைக்கு நான் இங்கே இருந்து எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

வீட்டில் மலர் கேட்டாள். தவறிப் பட்டது என்றேன்.

"விட்டிடுங்கோ இந்த ஆட்டத்தை."

"விடமாட்டன்."

"ஏன்? அவனைத் திருப்பி வெட்டவோ?"

அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதை அவள் வாயாலை கேட்கேக்கை — என்ன செய்தனோ தெரியேல்லை — கை சுவருக்குள்ளை நிண்டது. சுவரின்ர சாந்துப் பலகை உடைஞ்சு மணிக்கட்டு மட்டும் உள்ளை. லக்ஷிகா நிலத்திலை இருந்து படம் கீறிக்கொண்டு இருந்தவள். தவண்டு மேசைக்குக் கீழை போயிட்டாள். ஆறு வயசுப் பிள்ளை. இரண்டு கையாலையும் தலையை மூடிக்கொண்டு, "ஐ டிடின்ட் டூ எனிதிங், அப்பா" எண்டாள்.

கடவுளே.

19 யூன், திங்கள்

மலரின் அண்ணா ஜனார்த்தன் கார் கொண்டுவந்தான். பைகளை ஏற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சுவருக்குத்தானே அடிச்சன்" என்றேன்.

"சுவர் எங்களுக்குப் பக்கத்திலைதானே நிண்டது" என்றாள் மலர்.

2 யூலை, ஞாயிறு

பாணும் பருப்பும். நின்றபடியே சாப்பிட்டேன்.

எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். (அவன்தானா? சுவரிலை கிடக்கிறது ஆரின்ர கை?) கறுப்பு ராசா இந்த முறை விழப்போவதில்லை. முடிவு எடுத்துவிட்டேன். ஒத்திகையில் ஒழுங்காகப் பின்னுக்குப் போகிறேன், ஒழுங்காக விழுகிறேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியை வைத்து அவனுடைய வலது காலைத் தேடுகிறேன். இரும்பு இருக்கிற கால். அதில் ஒரு அடி, பிறகு கழுத்து.

இரண்டு வாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கத்தரி தீட்டுகிற அரம் என்னிடம் இருக்கிறது.

16 யூலை, ஞாயிறு

ரெலிபோனில் லக்ஷிகா பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் இங்கிலீஷில் சொன்னாள். பிறகு, "ஆர் யூ ஸ்டில் ஆங்ரி?" என்றாள். இல்லை என்றேன். மலர் வாங்கி, "திருநாளுக்கு நாங்கள் வரமாட்டம்" என்றாள். நல்லது, வரவேண்டாம். வந்து பார்க்கக்கூடிய காட்சியில்லை அது.

28 யூலை, வெள்ளி

வாள் கை மயிரை வழிக்கிறது. பார்த்தேன்.

29 யூலை, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பூசை முடிந்து, பித்தளை வாத்தியக்காரர் தங்கள் இடத்தில் இருந்துவிட்டார்கள். சங்கிலி போட்ட பெண்ணாக ஸ்டிபேயின் தம்பியின் மகள் மாரா. அவளை இழுத்துக்கொண்டு நான் வர, ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கூ என்று கத்தியது. அது வழக்கம். எனக்கு அது சாராயம் மாதிரி ஏறியது.

அப்போதுதான் பின்சுவரோடு மண்ணிறக் கோட் போட்ட ஒருத்தியைக் கண்டேன். மலர். லக்ஷிகா கதிரையில் ஏறி நின்றாள்.

நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. மோதலுக்கு மேல் மோதல். அன்டே அடித்தான், நான் வாங்கினேன். இரும்புச் சத்தத்தில் வாத்தியமே கேட்கவில்லை. அவனுடைய புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் போனது, துடைக்கவில்லை. என் பழைய காயம் திறந்துகொண்டது. ஏழாவது மோதலில் நான் பின்னுக்கு வைக்கவேண்டிய காலை முன்னுக்கு வைத்தேன். சனத்தின் சத்தம் மாறிவிட்டது. படைக்காரர் விலகினார்கள். அன்டேயின் வலது காலில் ஒரு அடி. மல்லாக்க விழுந்தான். ஒரு வாள் கதிரைகளுக்குள் சறுக்கிப் போனது. தீட்டின வாளை அவன் கழுத்தில் வைத்துவிட்டேன்.

மற்ற வாள் அவன் கையில் இருந்தது. தூக்கவில்லை. தாடையை உயர்த்திக் கழுத்தைத் தந்தான்.

"செய்" என்றான். எனக்கு மட்டும் கேட்க. பிறகு, "பிளீஸ்."

இவ்வளவு நாளும் இவன் என்னை அடிச்சது என்னிலை கோவத்திலை இல்லை. திருப்பிக் கொல்லக்கூடிய ஒருத்தனைத் தேடினவன். சரியான ஆளைத்தான் கண்டுபிடிச்சிருக்கிறான்.

வாள் பட்ட இடத்தில் தோல் பிரிந்து சிவப்பாக ஒரு கோடு வந்தது. எனக்கு ஆசையாக இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதவேண்டும் — அழுத்த ஆசையாக இருந்தது. கை அவனிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை, தானே அழுத்தத் தொடங்கியது.

வாள்களை எறிந்துவிட்டு விழுந்தேன். முழங்காலில், பிறகு நெற்றி நிலத்தில் பட. கறுப்பு ராசா விழவேண்டியபடி. வென்றவன் மல்லாந்து கிடக்கிறான், தோற்றவன் பக்கத்தில் குப்புற. யாரோ சிரித்தார்கள். கிழவர்கள் கத்தினார்கள், ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேனாம். மாரா பாவம், வெள்ளை ராசாவுக்குச் சொல்லவேண்டிய நன்றி வசனத்தை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொல்லி முடித்தாள்.

ஸ்டிபே வாளை எடுத்து விளிம்பில் பெருவிரலை வைத்தார். விரல் வெட்டுப்பட்டது. என்னைப் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி, வாளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

நான் எழும்பிப் பார்க்க மண்ணிறக் கோட்டைக் காணவில்லை.

30 யூலை, ஞாயிறு

மலர் ரெலிபோன் எடுத்தாள்.

"அந்தப் பெடியன் கீழை கிடந்துகொண்டு என்ன சொன்னவன்?"

சொன்னேன். தீட்டின வாளைப் பற்றியும் சொன்னேன்.

"அவனைத் தனிய விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

14 ஓகஸ்ட், திங்கள்

ஸ்டிபேயிடம் போய்ச் சொன்னேன்: முயல் சுடுகிற துவக்கு உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது, அன்டே சாவதற்கு வழி தேடுகிறான். கன்னத்தில் அறைந்தார். தோட்டத்தில், எல்லோருக்கும் முன்னால். "என்ர மகன் கோழையோ? வாளைத் தீட்டினவன் நீ எனக்குப் புத்தி சொல்லுறியோ?" மற்றக் கன்னத்திலும் விழுந்தது.

கை எழும்பியது. எழும்பின கையைக் கொடிக் கம்பியில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். கம்பி உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை. "அடியுங்கோ" என்றேன், "ஆனால் துவக்கைத் தாங்கோ."

பின்னேரம் கம்பளியில் சுற்றிக்கொண்டுவந்து என் காரின் பின்சீட்டில் வைத்தார். கிழவன் அழுததை இன்றைக்குத்தான் பார்த்தேன். வாள் கதையை அவர் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

1 நவம்பர், புதன்

யாழ்ப்பாணம் முழுக்க வீடுகளை விட்டு நடக்குதாம். மழையிலை. சின்னம்மா ஆக்கள் எங்கையெண்டு தெரியேல்லை. ஆரையாவது அடிக்கவேணும் போலை கிடக்கு. ஆரை?

அன்டே வந்தான். இப்போது வேலை முடிய அநேகமாக வருகிறான். ஒரு சொல் விளங்காமல், தமிழ்ச் செய்தி சொன்ன றேடியோவுக்குப் பக்கத்தில் என்னோடு இருந்தான். போகும்போது, "எங்களுக்கும் நடந்தது. நாங்களும் மற்ற ஆக்களை நடக்க வைச்சம்" என்றான். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

9 யூன் 1996, ஞாயிறு

இந்த வருசத்து முதல் ஒத்திகை. நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன், ஸ்டிபே விடவில்லை. "ஆர் கறுப்பு?" என்று கேட்டார். அன்டே எழும்பிப் போய்க் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கிழவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். சிவப்புச் சட்டை என் மடியில் வந்து விழுந்தது. வாள்கள் எல்லாவற்றையும் ஸ்டிபே முதலில் தன் விரலால் தடவிப் பார்த்தார். என்னுடையதை இரண்டு தரம். பார்க்கட்டும்.

மலர் பிள்ளையோடு வந்திருந்தாள். சனி, ஞாயிறுகளில் சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், ஞாயிறு பின்னேரம் கடைசி பஸ்ஸில் கிளென்ஃபீல்டுக்குப் போய்விடுவாள், என் காரில் ஏறமாட்டாள். நான் வெள்ளை ராசாவாம் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

அன்டே கால் இழுபட இழுபடப் பின்னுக்குப் போனான். "பலமா அடி" என்றான். நான் வாத்தியம் சொன்ன அளவுக்கு அடித்தேன். "பலமா!" அடிக்கவில்லை. அடிக்க ஆசை வரவில்லை என்று எழுதினால் பொய். ஏழாவதில் விழுந்தான். இடுப்பைத் தடவிக்கொண்டு எழும்பி, "தோக்கிறது சரியா நோகுது" என்றான். லக்ஷிகா கைதட்டினாள், தோற்றவனுக்கு.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று நானே சொன்னேன். பிள்ளை நித்திரையாகிவிட்டாள், எழுப்பக்கூடாது, இன்றைக்கு இங்கேயே நிற்கிறோம் என்றாள் மலர்.

போய்ப் பார்த்தேன். பிள்ளை கண்ணை முழிச்சுக்கொண்டுதான் கிடந்தாள்.