எட்டாவது தட்டு

பாய்,

இன்று வெள்ளிக்கிழமை, சமையல் என் முறை. மீன் குழம்பு கொதித்து புளி வாசம் ரூமில் ஏறியதும் உங்களைத்தான் தேடினேன். குழம்பு கொதிக்கும் நேரம் உங்கள் கதை நேரமாயிற்றே.

வளைகுடாவின் இந்த சோனாப்பூர் லேபர் கேம்பில், நம் ரூமில் அப்போது நாம் ஏழு பேர். சம்பளம் தராத கம்பெனியை விட்டு ஓடிவந்த முருகேசன் எட்டாவதாக ஒண்டிக்கொண்டான். போலீஸ் செக்கிங் வந்தால் அவனோடு நம் வேலையும் போய்விடும். ரூமில் மூத்தவரான செல்வராசு அண்ணன், அன்றைக்கே அவனை அனுப்பிவிடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் மூன்று பெண்பிள்ளைகள், அந்தப் பயம்.

நீங்கள் வாதாடவே இல்லை. வெங்காயம் உரித்தபடி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தீர்கள். ஹிட்லர் காலத்து யூதர்களைப் பற்றி எங்கெங்கோ படித்து நீங்களே கட்டிய கதை. ரொட்டிக்காரர் மகள் ரூத்தைப் பக்கத்து வீட்டுக்காரி பரணில் ஒளித்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு இருமல். வாசலில் பட்டாளம். மேசையில் சாப்பிட்ட தட்டு ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது.

யூதன் கதை நமக்கு எதுக்கு என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

"பிள்ளை இருமுதுண்ணே. எந்த மதம்னு கேட்டுட்டா மருந்து குடுப்பீங்க?" என்றீர்கள்.

அப்புறம் பிள்ளை பிழைத்ததா என்று கேட்டவரும் அதே அண்ணன்தான்.

"நம்மளப் பிடிச்சா ஊருக்கு அனுப்புவான். அவங்களப் பிடிச்சா உசுரே போச்சு. நிறையப் பிள்ளைங்க பிழைக்கலண்ணே. இவ பிழைக்கணும்னா கீழ இருக்கிற யாராவது மனசு வைக்கணும்."

அண்ணன் எழுந்து முருகேசனுக்குச் சோறு போட்டார். அவன் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டைத் தானே கழுவி, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது பாய், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஓடிவந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்து முருகேசன் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தான். லீவில் போன நீங்கள்தான் திரும்பவில்லை. நெஞ்சுவலி என்று போன் வந்தது. கதையை இப்படிப் பாதியில் விட்டுவிட்டா போவார்கள்?

விசாவை கேன்சல் செய்து ஊருக்குப் போகும்போது அண்ணன் அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார். பாய் இருந்தால் ரூத்தைக் காப்பாற்றியிருப்பார் இல்லையா என்று கேட்டார்.

குழம்பை இறக்கிவிட்டேன். பிள்ளை இன்னும் பரணில் இருமிக்கொண்டுதான் இருக்கிறாள். தட்டு என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. கீழே நான் இருக்கிறேன், பாய்.