பச்சை, இரண்டு எழுத்து

மார்ச் 4, செவ்வாய்
வார இதழுக்கான குறுக்கெழுத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். இந்த முறை எல்லாக் குறிப்பிலும் பச்சை. ஒன்றில்கூட நிறம் கிடையாது. பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சை குத்துவது... ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "இலை எங்க சார்?" இலையைத் தேடுகிறவன்தான் மாட்டுவான். அதில்தானே சுகம்.

மார்ச் 9, ஞாயிறு
மகள் விரும்பும் பையன் தன் அம்மாவோடு வந்தான். அம்மா பல் டாக்டர். உட்கார்ந்ததும், "சோபா உள்ளே போகுதே" என்றார். கிளம்பும்போது என்னிடம், "உங்க கடைவாய்ப் பல் ஒண்ணு தேறாது." மனைவிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கு? பல்லைக் கடிக்கவும் பயம்.

மார்ச் 16, ஞாயிறு
வந்தது வினை. இதழில் ஐந்தாம் குறிப்பு: "இது பச்சையாகப் பேசினால் எதிரே இருப்பவர் நெளிவார் (2)". விடை, வாய். டாக்டரம்மா குறுக்கெழுத்துப் பைத்தியமாம். எனக்கு யாரும் சொல்லவே இல்லை! "என்னைப் பத்திதான் எழுதியிருக்காரு. இந்த வீட்லயா சம்பந்தம்?" என்று பையனிடம் குதித்தாராம். மகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"அவங்க வர்றதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்" என்றேன்.

"பச்சைப் பொய்" என்றாள் மனைவி.

மார்ச் 17
போய்க் கெஞ்சுவதா? நானா?

மார்ச் 18, செவ்வாய்
பல்லைச் சாக்காக வைத்து கிளினிக்குக்கே போனேன். நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கண்ணாடியை விட்ட பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

"நான் உள்ளதைச் சொல்றவ. பச்சையாப் பேசறவ இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"ஆ."

"அதை விடுங்க. பதினொண்ணாவது, 'பச்சை என்றால் வலி அதிகம், ரெண்டு எழுத்து'. நான் பொய்னு போட்டேன். நீங்க?" கண்ணாடியை வெளியே எடுத்தார்.

"புண்."

"பொய்யும் சரியா உட்காருதே. குறுக்கே ஒரு எழுத்தும் வெட்டலையே."

யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. பாவி மனுஷா, இதை எப்படி விட்டாய்? வாசகர்கள் எவ்வளவு மல்லுக்கட்டியும் இதுவரை நான் ஒரு திருத்தம் போட்டதில்லை. வீட்டில் சாப்பிடாமல் கிடப்பவளின் முகம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டும் சரிதான். தப்பு என்னோடது. அடுத்த இதழ்லயே திருத்தம் போடறேன்."

கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "முன்னாடியே எழுதினதுன்னு பையன் சொன்னப்போ நம்பல. இப்ப நம்பறேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன்.

"படுங்க. பல் தேறாதுன்னு சொன்னேனே."

பிடுங்கிவிட்டார்.

மார்ச் 23
திருத்தம் வெளியானது. மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் வலது பக்கமாக மட்டும் மெல்லுகிறேன்.

ஏப்ரல் 12, சனி
புதுப் புதிரைக் கொடுத்தேன். இந்த முறை வெள்ளை. பாதிக் குறிப்புகள் டாக்டரம்மாவுடையவை. என்னுடையதில் மூன்றை அடித்துவிட்டார். கோபம்தான், ஆனால் அடித்தது நியாயம்.

"கூட இன்னொரு பேர் இருக்கே, யார் சார்?" என்றார் ஆசிரியர்.

"சம்பந்தி."

பேனாவைக் கீழே வைத்தார். "கல்யாணம் முடிஞ்சுதா?"

"அடுத்த மாசம்."

"அப்ப சம்பந்தி சண்டைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரையும் போடறேன்."