நானூறு பேருக்குச் சமைத்த மாமா

அண்ணா,

“ஜெயில்ல இருந்து வந்தவர் ஆக்கினத எப்படிடி சாப்பிடறே?” என்று அன்றைக்குக் கேட்டாய். எனக்குத்தான் நேரில் பேச்சே வராதே, அதனால் எழுதுகிறேன்.

மாமா உள்ளே இருபது வருஷம் நானூறு பேருக்குச் சமைத்தவர். வந்த அன்றே, நம் நாலு பேருக்கென்று வீட்டிலிருந்த அரிசியை எல்லாம் வடித்துவிட்டார்! அம்மா திட்டவே இல்லை. “எங்கண்ணனுக்கு நம்ம அடுப்பு பத்தல, அவ்வளவுதான்” என்று சிரித்துக்கொண்டே, பானையோடு அவரையும் முதியோர் இல்லத்துக்கு இழுத்துப் போனாள். அம்மாவுக்குத்தான் என்ன தைரியம்! அங்கே ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

இப்போது அங்கேயே சமையல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அறுபத்தெட்டு வயதில், அதுவும் அவருக்கு, வேறு யார் கொடுப்பார்கள்? வீட்டில் இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா போட்டாயிற்று. எனக்கு வயது போதாது. தாள் மேஜை மேல் இருக்கிறது. நாலு மணிக்குள் போட்டு, இல்லத்துப் பக்கம் போகும் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிடு. கோபத்தை என்மேல் காட்டிக்கொள்.

உனக்கு ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

பி.கு.: இதை மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். நீ தொடமாட்டாய் என்று தெரிந்தும், உனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தார். பிறகு, நீ வரும்போது எதிரே இருக்க வேண்டாம் என்றோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.