பொட்டு வைத்த டிஸ்க்

சங்கரன்கோவில்

ராயகிரியில் இருக்கும் என் மனைவிக்கு,

மில்லில் பழைய இரும்புக்குப் போட்ட மினிகம்ப்யூட்டரை வாங்கி வந்து ஓட வைத்தவள் நீ. ஆயுத பூஜையன்று அதன் டிஸ்கைக் கழற்றி, தட்டின் மேலேயே நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்; மெஷின் படுத்துவிட்டது. "தூசியே ஆகாதுன்னு சொல்லுதேன், பொட்டு வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாய்.

இன்று, மெஷினைக் கிளப்பும் வழியை நீ எழுதி வைத்த நோட்டைப் பார்த்து, அதன் முகப்புச் சுவிட்சுகளைத் தட்டி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை டேப்பிலிருந்து வேறு டிஸ்கில் ஏற்றிவிட்டேன். நான்காவது தடவைதான் ஏறியது. நோட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. தப்பெல்லாம் என் விரலில்தான்.

அந்த மாற்று டிஸ்க் இருந்த பெட்டியில் உன் கையெழுத்து: "இவர் பொட்டு வைத்தால் எடுக்க." போன வருடமே எழுதியிருக்கிறாய்.

மெஷின் இப்போது தேதி கேட்டு நிற்கிறது. இன்றைய தேதியைப் போட எனக்கு மனமில்லை. நீ பஸ் ஏறும் தேதியை எழுது.

உன்,
பொட்டுக்காரன்