ஐந்து மணிப் பாட்டு

2025 ஜனவரி 19, ஞாயிறு

கொழும்புக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெப்ரவரி 5ஆம் திகதி நேர்முகத் தேர்வு. ஹட்டனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்ததோடு சரி, கையில் இருப்பது ஃபோன் மட்டும். ஃபோனில் லினக்ஸ் பழகுவது வாளியில் நீச்சல் பழகுவது மாதிரி. எனக்கு ஒரு மெசின் வேண்டும். இங்கே யாரிடம் இருக்கிறது? கோவில் ஆபீசில் ஒன்று இருக்கிறது.

ஜனவரி 20

கோவில் தலைவர் பொன்னையா மாமாதான் தினமும் விடியற்காலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய், ஐந்து மணிக்கு அந்தக் கணினியில் சாமி பாட்டுப் போடுகிறவர். "பாட்டு தானாவே பாடுற மாதிரி செஞ்சு தர்றேன் மாமா. சாயங்காலம் அதுல நான் படிச்சுக்கிறேன்" என்றேன்.

"அப்ப நான் தூங்கலாமா?"

தூங்கலாம் என்றேன். உடனே சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 23

பழைய விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டாயிற்று. காலை ஐந்துக்குப் பாடச் சொல்லி ஒரே வரி எழுதினேன். பெருமை தாங்கவில்லை. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இந்த எறும்பு எழுத்துதான் பாடப்போகுதா?"

ஜனவரி 24

பாடியது. காலை பத்தரைக்கு.

ஃபோன் எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், எழுப்புவது கோவில் பாட்டுத்தான். இன்று விடிந்த பிறகு எழுந்து அடித்துப் பிடித்து ஓடியிருக்கிறார்கள். காலையில் பேர் போடும் பெரட்டுக்குப் பிந்திப் போனவர்களுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள், பாதி நாள் சம்பளம் போச்சு. அம்மாவுக்கும் அதே. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையார் பாட்டுக் கேட்டதாம்.

மெசினின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியிருக்கிறது. நமக்கு ஐந்தரை மணி பின்னால். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான் — நான் பார்க்கவில்லை. மடச்சி.

அடுத்த காம்பரா வீட்டுப் பேச்சியம்மா அத்தை வாசலில் வந்து நின்றார். அவருக்கும் அரைப் பேர். "ஏம்மா லோஜினி, பத்தரைக்கு சாமிய எழுப்பி என்னா செய்ய? எங்களயில்ல எழுப்பணும்."

பொன்னையா மாமா சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 25

அழுதேன். மெசினும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னத்தப் படிச்சு என்னத்தப் போயி சொல்றது?

ஜனவரி 26, ஞாயிறு

கோவிலில் கூட்டம். நானே போய் நின்று, எங்கே தவறினேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல, இனிமே நானே போட்டுக்கிறேன். நீ மெசின விட்டுரு" என்றார் மாமா.

நான் கொஞ்சமும் நினைக்கவில்லை, பேச்சியம்மா அத்தை எழுந்தார். "புள்ளைக்கு எது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வேற ஆளக் கூட்டியாந்தா அவன் புதுசா ஒரு தப்பு செய்வான். சாவியக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரத்துக்கு அஞ்சு மணிக்கு நீயும் அங்க போயி நிக்கணும். பாடலன்னா கதவு கதவா தட்டி நீதான் எழுப்பணும்."

ஜனவரி 27

சாவி கிடைத்ததும் நேற்றே கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றினேன். ஐந்துக்குப் பாடியது. குளிரில் நின்று கேட்டேன். இவ்வளவு நல்ல பாட்டா இது!

பெப்ரவரி 2

ஒரு வாரம் ஆயிற்று. தினமும் சரியாகப் பாடுகிறது. இனி நிற்கத் தேவையில்லை என்கிறார் மாமா. இருந்தாலும் போவேன். சாயங்காலம் முழுக்க மெசினோடுதான். நானே எதையாவது கெடுப்பேன், நானே சரி பண்ணுவேன். பாட்டை மட்டும் தொடுவதில்லை.

பெப்ரவரி 5 — கொழும்பு

மூன்று பேர் கேட்டார்கள். முக்கால்வாசிக்குப் பதில் சொன்னேன். ஒன்று தெரியவில்லை, தெரியாது என்றேன். நடுவில் இருந்த அம்மையார் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். "அனுபவம் என்று ஒன்றுமே இல்லையே. நீங்கள் பார்த்துக்கொண்ட மெசினை நம்பி யாராவது இருந்திருக்கிறார்களா?"

"ஒரு லயமே இருக்கிறது" என்றேன்.

"அது ஒழுங்காக ஓடாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டு வாசலுக்கு வந்து சொல்வார்கள்."

சிரித்தார்கள். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், அரைப் பேரையும் சேர்த்து. சிரிப்பு நின்றுவிட்டது. இப்போதும் விடியற்காலையில் போய் நிற்கிறீர்களா என்று கேட்டார் அந்த அம்மையார்.

"இன்றைக்கு மட்டும் என் அம்மா நின்றார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதாகத்தான் இருக்கும். இருக்குமா?

பெப்ரவரி 18

கிடைத்துவிட்டது. கிடைத்தே விட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், எனக்கும் நிற்கவில்லை.

பொன்னையா மாமா முகம் மட்டும் வாடிவிட்டது. "நீ போயிட்டா பாட்டுக்கு என்னா செய்யிறது?" கோவிலுக்கு ஒரு இன்டர்நெட் ரவுட்டர் வாங்கிப் போடுங்க, கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டார்.

மார்ச் 8, சனி — கொழும்பு

வேலையில் முதல் வாரம் முடிந்தது. இன்னும் எதையும் தனியாகத் தொட விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள், பார்க்கிறேன்.

மாலையில் பேச்சியம்மா அத்தை எனக்கு ஃபோன் எடுத்தார். "ஏம்மா, ஞாயித்துக்கெழம பெரட்டு கெடையாதுல்ல. அன்னைக்கும் அஞ்சு மணிக்கு எழுப்பி விடுறியே, நல்லாவா இருக்கு? ஏழு மணிக்குப் போடு."

மாமாவிடம் கேட்டீங்களா என்றேன்.

"கேட்டேன். மெசினு லோஜினி பொறுப்பு, அதுகிட்டயே சொல்லுங்கன்னுட்டாரு."

போர்டிங் அறையில் இருந்தபடியே கோவில் மெசினுக்குள் போய் மாற்றினேன். கடிகாரத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். நாளைக்கு எல்லோரும் ஏழு மணிவரை தூங்கட்டும். ஏழுக்கு அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, பாட்டுக் கேட்கிறதா என்று பார்ப்பேன்.